லிங்குகளின் ஈரப்பதம்

அந்த அலுவலகம் தானியக் கிடங்குகளை மேற்பார்வை செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. பிறகு கிடங்குகளை மூடினார்கள். அலுவலகத்தையும் மூட முடிவு செய்தார்கள். மூடுவதற்கான கோப்பைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆகவே அலுவலகம் நீடித்தது.

நீடிக்கிற அலுவலகத்துக்கு ஒரு வேலை வேண்டும். பெயர்ப்பலகையில் 'தானியக் கிடங்கு' என்ற சொற்களின் மேல் வெள்ளை அடித்து 'மென்பொருள் மதிப்பீடு' என்று எழுதினார்கள். மற்ற எதையும் மாற்றவில்லை. ஊழியர்கள், படிவங்கள், கதவோரத்து எடை மேடை எல்லாம் பழையவை. திண்டுக்கல்லில் மழை குறைவு. வெள்ளை கரையவில்லை.

அதே வளாகத்தில் சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டிய அறை பொதுமக்கள் தகவல் மையம். ஒரு ஜன்னல், ஒரு கணினி, அறிவுச்செல்வி. அவள் ஒப்பந்த ஊழியர். எரியோட்டிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் ஜன்னலில் குனிந்து கேட்பார்கள். முதியோர் பணத்துக்கு எங்கே எழுதிப் போடுவது, பட்டாவில் பேர் மாற்ற என்ன செய்வது. அவள் உரிய இணையப் பக்கத்தைத் திறந்து, படிவத்தை நிரப்பி, ரசீதை அச்சடித்துக் கொடுப்பாள்.

பக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அரசுத் தளங்களின் முகப்பில் விழாப் படங்கள் இருக்கும். விண்ணப்பம் நாலு கதவு தாண்டி உள்ளே இருக்கும். வெளியே தேடினால் அதே பெயரில் போலித் தளங்கள் முந்திக்கொண்டு வரும்.

மூன்று வருடம் முன்பு அவள் ஒரு இலவச மென்பொருளை அந்தக் கணினியில் ஏற்றினாள். கண்டுபிடித்த லிங்கை அதில் சேமிக்கலாம். கூடவே நாலு சொல் எழுதி வைக்கலாம். பிறகு அந்தச் சொல்லைத் தட்டினால் லிங்க் வந்து நிற்கும். சேமித்தது எல்லாம் அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது. வேறெங்கும் இல்லை. அதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர். அவள் பெட்டி என்றாள். ஜன்னலுக்கு வருகிறவர்களும் பெட்டி என்றார்கள்.

"பெட்டியில பாரு தாயி. மாட்டுக் கொட்டகைக்கு லோன் வந்திருக்காம்ல."

அவள் 'மாட்டுக் கொட்டகை' என்று தட்டுவாள். வரும். மக்கள் எந்தச் சொல்லில் கேட்டார்களோ அந்தச் சொல்லிலேயே சேமித்திருந்தாள். ஆயிரத்து எண்ணூறு சொச்சம் லிங்குகள் சேர்ந்திருந்தன.

ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகக் கணினிகளில் மதிப்பீடு செய்யப்படாத மென்பொருள் ஏதேனும் இருப்பின் உடன் தெரிவிக்கவும். வளாகத்தில் இருந்த எல்லா அலுவலகங்களும் 'இன்மை' என்று எழுதி அனுப்பின. எந்தச் சுற்றறிக்கைக்கும் அதுதான் பதில் என்று அவர்களுக்குத் தெரியும். அறிவுச்செல்வி கேள்வியைப் படித்தாள். பதில் எழுதினாள்.

மறுநாளே வந்துவிட்டார்கள்.

மதிப்பீட்டு அலுவலர் ஸ்டீபன்ராஜ் முப்பது வருடம் கிடங்குத் தர ஆய்வாளராக இருந்தவர். நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தே தரம் சொல்வார் என்று பெயர். கூட வந்த கண்காணிப்பாளர் ஜோஸ்பின் கையில் படிவம். அறிவுச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். ஸ்டீபன்ராஜ் உட்கார்ந்தார். திரையை உற்றுப் பார்த்தார். மானிட்டரின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சரக்கு எங்கம்மா இருக்கு?"

"சார், லிங்க் இதுக்குள்ள இருக்கு. பக்கம் சென்னையில, டெல்லியில எங்கயாவது இருக்கும்."

"அப்ப ஒங்ககிட்ட சரக்கு இல்ல. சரக்குக்குப் போற வழிதான் இருக்கு."

"ஆமா சார்."

"ஆயிரத்து எண்ணூறு வழி."

"சொச்சம் சார்."

"சொச்சம்னு ஸ்டாக் ரிப்போர்ட்ல எழுத முடியாது." ஜோஸ்பினைப் பார்த்தார். "சுமார்னு போடுங்க மேடம்."

மேடம் போட்டார்.

"இது தனிப்பட்ட உபயோகத்துக்கான கருவின்னு இதுலயே போட்டிருக்கே. தனிப்பட்டது ஆபீசுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"ஆபீஸ் வேலைக்குத்தான் சார் வச்சிருக்கேன்."

"ஆபீஸ் வேலைக்குன்னா அது எப்படி தனிப்பட்டதாகும்?"

அறிவுச்செல்வி யோசித்தாள். அவர் 'விளக்கம் இல்லை' என்று எழுதச் சொன்னார்.

படிவம் எட்டுப் பக்கம். தலைப்பில் மட்டும் 'மென்பொருள்' என்று ஒட்டியிருந்தது. பூச்சித் தாக்குதல் உண்டா? கடைசியாக எப்போது மருந்தடிக்கப்பட்டது? கல், மண், பதர் எத்தனை சதவீதம்?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கம்மா," என்றார் ஜோஸ்பின். "பதர் இல்லாத சரக்கு ஒலகத்துல கெடையாது. ரெண்டு பர்சென்ட்னு போட்டுக்கிறேன். ஒங்களுக்கு நல்லதுதான்."

ஸ்டீபன்ராஜ் ஒரு தேடல் செய்து காட்டச் சொன்னார். அவள் 'பொண்ணு ஆஸ்டல்' என்று தட்டினாள். கல்லூரி மாணவியர் அரசு விடுதிக்கான விண்ணப்பப் பக்கம் வந்தது. நீளமான முகவரி. பாதி எழுத்து, பாதி எண்.

"பொண்ணு ஆஸ்டல்னா என்ன?"

"ஜனங்க அப்படித்தான் சார் கேப்பாங்க."

"ஜனங்க தப்பாக் கேட்டா நாம தப்பா எழுதி வைக்கிறதா? கல்லூரி மாணவியர் விடுதி, புதிய சேர்க்கை, புதுப்பித்தல் நீங்கலாக. இதுதான் பேர். இதைத் தட்டினா வரணும்."

"யாரும் அப்படித் தட்ட மாட்டாங்க சார்."

"தட்டலேன்னா வராது. வராத பொருள் கெட்டுப்போகாது." அவர் அடுத்த கேள்விக்குப் போனார். "இதுல எது மொதல்ல சேமிச்சது?"

"ரேஷன் கார்டுல பேர் சேக்குறது. மூணு வருசம் முன்னாடி."

"அப்ப அதுதான் மொதல்ல வெளிய போகணும். பழசு இருக்கயில புதுசை எடுக்கக்கூடாது. கிடங்கு விதி."

"ஆஸ்டல் கேட்டு வந்தவங்களுக்கு ரேஷன் கார்டையா சார் குடுக்கிறது?"

"வரிசைப்படி குடுங்க. ஆஸ்டலும் வரும்."

கடைசியாக ஈரப்பதம். ஜோஸ்பின் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்தார். நெல் மூட்டைக்குள் செருகும் நீளமான ஊசி அதில் இருந்தது. மென்பொருளில் எங்கே செருகுவது என்று சற்று விவாதம் நடந்தது. கீபோர்டில் வைத்தார்கள். அது அறிவுச்செல்வி காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்த கீபோர்டு. ஜூன் மாதம். மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றும்.

முள் கூடுதலாகக் காட்டியது.

"ஈரச் சரக்கு," என்றார் ஸ்டீபன்ராஜ். அவர் குரலில் முதல் முறையாக ஒரு நிறைவு இருந்தது. "காய வைக்கணும்."

கணினியின் பெட்டியை வயர்களிலிருந்து கழற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, தூக்கிப் போனார்கள். மதிப்பீட்டு அலுவலகத்தின் மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து வெயிலில் வைத்தார்கள். பக்கத்தில் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள்.

மாயம்மாள் வந்தது அன்றைக்குத்தான். எரியோட்டுக்குப் பக்கத்தில் செண்டுப்பூ போடுகிறவள். மகள் சுகன்யாவையும் கூட்டி வந்திருந்தாள். சுகன்யாவுக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

"பெட்டியில பாரு தங்கச்சி. பொண்ணு ஆஸ்டலு."

"பெட்டி காயுதுக்கா."

மாயம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். கேலியா என்று பார்த்தாள். கேலி இல்லை. அறிவுச்செல்வி கையை நீட்டினாள். மொட்டை மாடியில் தெரிந்தது.

"அடுத்த வெள்ளிக்கெழமையோட முடியுதாம்ல. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தானாம். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில எழுதினேன். காசு வாங்கினான், ரசீது குடுத்தான். ரசீத எடுத்துக்கிட்டு ஆஸ்டலுக்குப் போனா, இது எங்க ரசீதே இல்லங்கிறாக."

"போலிப் பக்கமா இருக்கும்க்கா. சரியான பக்கம் பெட்டியிலதான் இருக்கு. முகவரியில வர்ற எண்ணு எனக்கு ஞாபகத்துல இல்ல."

"ஆஸ்டல் கெடச்சாத்தான் காலேஜு. எங்க ஊர்லருந்து மதுரைக்கு தெனமும் வந்து போக முடியாது. எங்க கொழுந்தன் இப்பவே சொல்றாரு. மில்லு வேனு வாசலுக்கே வருது, ஏத்தி விடுங்கங்கிறாரு."

சுகன்யா மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள வாங்கிருவோம்க்கா," என்றாள் அறிவுச்செல்வி.

எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

அவள் மாடிப்படி ஏறி ஸ்டீபன்ராஜிடம் போனாள். ஒரே ஒரு லிங்க் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அவர் பரிவோடு கேட்டார். காயும் சரக்கில் கை வைக்கக் கூடாது என்றார். மறுநாள் போனாள். காய்ந்துவிட்டது, ஆனால் இரட்டைப் பூட்டு அறைக்குப் போய்விட்டது என்றார்.

இரட்டைப் பூட்டு என்பது மதிப்பு மிகுந்த பொருளை வைக்கும் முறை. ஒரு கதவு, இரண்டு பூட்டு, இரண்டு அதிகாரிகளிடம் ஒவ்வொரு சாவி. இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். திண்டுக்கல் பூட்டு. வேறு சாவிக்கு அசையாது. ஒரு சாவி ஸ்டீபன்ராஜிடம் இருந்தது. மற்றது ஜோஸ்பினிடம். ஜோஸ்பின் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்.

"சாவிய குடுத்துட்டுப் போகலையா சார்?"

"குடுத்தா அப்புறம் எப்படிம்மா இரட்டைப் பூட்டு?"

அந்த அலுவலகத்தில் யாரும் தப்பாக எதுவும் சொல்வதில்லை என்பதை அவள் அதற்குள் புரிந்துகொண்டிருந்தாள். அதுதான் தொந்தரவு.

திங்கட்கிழமை ஜோஸ்பின் திரும்பி வந்தார். எல்லோருக்கும் மாதா படம் கொடுத்தார். அன்று மதியம் இரண்டு பூட்டும் திறந்தன. நேரடிச் சரிபார்ப்பு. அறிவுச்செல்வியை வரச் சொல்லியிருந்தார்கள். கணினியை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். ஜோஸ்பின் முதல் லிங்கை அழுத்தினார்.

"திறக்கவில்லை," என்றார். எழுதினார்.

இரண்டாவது. "திறக்கவில்லை."

"மேடம், நெட் வயர் மாட்டல."

"மாட்டக் கூடாதும்மா," என்றார் ஸ்டீபன்ராஜ். "மதிப்பீடு முடியாத மென்பொருளுக்கு இணையம் குடுக்கக் கூடாது. விதி."

"இணையம் இல்லாம லிங்க் எப்படி சார் தெறக்கும்?"

"அதைத்தான் நாங்களும் எழுதுறோம். தெறக்கல."

"சார், ஒரு நிமிசம் வயர மாட்டி..."

"ஒங்க ஆதங்கம் புரியுது. ஆனா நல்ல சரக்கா இருந்தா எந்த நெலமையிலும் நல்லாத்தான் இருக்கும். நெல்லு வயலுக்குப் போனாத்தான் நெல்லா? கிடங்குலயும் நெல்லுதான?"

அன்று சாயங்காலம் வரையிலும் மறுநாளும் அழுத்தினார்கள். ஆயிரத்து எண்ணூறு சொச்சம் லிங்குகளும் திறக்கவில்லை. ஜோஸ்பின் ஒன்றைக்கூட விடவில்லை. 'பொண்ணு ஆஸ்டல்' வந்தபோது அறிவுச்செல்வி கையில் பேனா எடுத்தாள். முகவரியை எழுதிக்கொள்ளப் பார்த்தாள். சரிபார்ப்பு அறையில் பார்வையாளர் குறிப்பெடுக்கக் கூடாது என்று பேனாவை வாங்கி வைத்தார்கள்.

புதன்கிழமை கழிவுக் குழு கூடியது. உபயோகமற்ற பொருளை எந்த அலுவலகமும் சும்மா தூக்கி எறிய முடியாது. குழு கூடி இது உபயோகமற்றது என்று தீர்மானிக்க வேண்டும். கால் உடைந்த நாற்காலிக்கும் அதே மரியாதை உண்டு. குழுவில் ஸ்டீபன்ராஜும் ஜோஸ்பினும் இருந்தார்கள். ஸ்டீபன்ராஜ் எழுந்து பேசினார்.

"இந்த மென்பொருள்மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு யோசிக்கணும். ஒரு சொல்லைத் தட்டினா கண்ணு மூடித் தெறக்கிறதுக்குள்ள வருதுன்னு இந்தம்மா சொல்றாங்க. பெருமையா சொல்றாங்க. எனக்கு முப்பது வருஷம் சர்வீஸ். நான் கேட்ட கோப்பு கேட்ட அன்னைக்கே வந்ததில்ல. வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அன்னைக்கே முடிவெடுக்க வேண்டி வந்திருக்கும். முடிவு தப்பாப் போனா யாரு பொறுப்பு? நான்தான? கோப்பு வராததால நான் ஒரு தப்பான முடிவும் எடுத்ததில்ல. ஒரு முடிவும் எடுத்ததில்ல. என் சர்வீஸ்ல ஒரு கறை கெடையாது."

ஜோஸ்பின் தலையசைத்தார்.

"இன்னொண்ணு. பொதுமக்கள் நம்மளைத் தேடி வரணும். திரும்பத் திரும்ப வரணும். ஒரே தடவையில வேலை முடிஞ்சுட்டா அவங்களுக்கு நம்ம மொகமே மறந்துபோகும். அப்புறம் அரசாங்கம்னு ஒண்ணு இருக்கிறது எப்படித் தெரியும்?"

லிங்குகள் கழிவு செய்யப்பட்டன. கழிவு செய்த பொருளைப் பொது ஏலத்தில் விட வேண்டும். வியாழக்கிழமை காலை ஏலம். விற்றது போக மீதமிருந்தால் அன்று மாலையே அழித்துவிட வேண்டும். அறிவிப்பை வாசல் தூணில் ஒட்டினார்கள். 'உபயோகமற்ற லிங்குகள், சுமார் 1800, உள்ளது உள்ளபடி.'

அறிவுச்செல்வி அதை நின்று படித்தாள். அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அலுவலக ஊழியர் ஏலம் கேட்கலாகாது. அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள். கணினி இல்லாத மேசைக்கு முன்னால் அன்றும் மாயம்மாள் நின்றாள்.

"அக்கா, நாளைக்கு வாங்க. ஏலம் கேக்கணும்."

"எத?"

"பெட்டிக்குள்ள இருக்கிற அம்புட்டையும்."

"எனக்கு ஒண்ணு போதுமே."

"ஒண்ணு தனியா குடுக்க மாட்டாங்க. நான் கேக்கக் கூடாதாம். நீங்க கேக்கலாம்."

மாயம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பூ மார்க்கெட்டுல தெனமும் ஏலத்துக்குத்தான் நிக்கிறேன். வாரேன்."

வியாழக்கிழமை நத்தத்திலிருந்து சங்கிலி வந்திருந்தார். சாலையோரப் புளியமரங்களின் மகசூலை வருடா வருடம் ஏலம் எடுக்கிறவர். எங்கே அரசு ஏலம் என்றாலும் வருவார். கூட இரண்டு பேரை அழைத்து வருவார். மூன்று பேராவது வந்திருந்தால்தான் ஏலம் செல்லும் என்பதால் அதிகாரிகளுக்கு அவர்மேல் பிரியம்.

"சரக்கக் காட்டுங்க சார்."

ஸ்டீபன்ராஜ் கணினியைக் காட்டினார்.

"இது சட்டி. சரக்கு?"

"இதுக்குள்ள இருக்கு. உள்ளது உள்ளபடி."

சங்கிலி கணினியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். புளியமரத்தைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்தும் பார்த்தார்.

"போன வருசம் எம்புட்டு காய்ச்சுது?"

"அது தெரியாது."

"பூவு புடிச்சிருக்கா, பிஞ்சு நிக்கிதா, ஒண்ணும் தெரியாது. மரமும் இல்ல. ஏலே, முப்பது வருசமா ஏலம் எடுக்கிறேன், இப்படி ஒரு தோப்பப் பாத்ததில்லடா." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "சரி, வந்ததுக்குக் கேப்போம். அம்பது ரூவா."

"அறுவது," என்றாள் மாயம்மாள்.

சங்கிலி திரும்பிப் பார்த்தார். "ஆத்தா, ஒனக்கு எதுக்கு இது?"

"எம்மக ஆஸ்டலுக்கு."

"இதுக்குள்ள ஆஸ்டலு இருக்கா?"

"இருக்கு."

சங்கிலி ஸ்டீபன்ராஜைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். "அப்ப நீயே எடுத்துக்க. எனக்குப் புளிதான் தெரியும்." இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

லிங்குகள் மாயம்மாளுக்கு விடப்பட்டன. கணினி அரசுடையது, உள்ளே இருப்பது மட்டும் அவளுடையது. எடுத்துப் போவது அவள் பொறுப்பு. அறிவுச்செல்வி வாசலுக்கு எதிரே இருந்த அன்புக்கரசியின் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி ஒரு பென்டிரைவ் வாங்கி வந்தாள். செருகப் போனபோது ஸ்டீபன்ராஜ் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"எடை?"

"எதுக்கு சார் எடை?"

"சரக்கு வெளிய போகுதுல்ல. ஏத்துறதுக்கு முன்னாடி வண்டி எடை. ஏத்தின பெறகு வண்டி எடை. வித்தியாசம்தான் சரக்கு. இது இல்லாம வாசலைத் தாண்டி ஒரு மணி நெல்லு போனதில்ல."

பென்டிரைவை எடை மேடையில் வைத்தார்கள். முள் அசையவில்லை. அது மூட்டைகளுக்கான மேடை. ஸ்டீபன்ராஜ் யோசித்தார். சரக்கு மாயம்மாளோடு போவதால் மாயம்மாள்தான் வண்டி என்று முடிவாயிற்று.

"ஏறுங்கம்மா."

"நான் என்ன லாரியா?"

"ஏறுங்கக்கா," என்றாள் அறிவுச்செல்வி.

மாயம்மாள் காலிப் பென்டிரைவைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினாள். ஐம்பத்திரண்டு கிலோ. இறங்கினாள். அறிவுச்செல்வி லிங்குகள் முழுவதையும் பென்டிரைவில் நகல் எடுத்தாள். மாயம்மாள் மறுபடி ஏறினாள். ஐம்பத்திரண்டு கிலோ.

ஸ்டீபன்ராஜ் மேடையைத் தட்டிப் பார்த்தார். ஜோஸ்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வித்தியாசம் இல்லை.

"சரக்கு எதுவும் ஏறலையே."

"ஏறிருச்சு சார்."

"மேடை பொய் சொல்லாதும்மா." வாசல் அனுமதிச் சீட்டில் அவர் கையாலேயே எழுதினார். 'வெளியேறிய சரக்கு: இல்லை.' முத்திரை வைத்தார். "எதுவும் எடுத்துட்டுப் போகாம போறீங்க. இருந்தாலும் ஒங்க இஷ்டம். கெளம்புங்க."

மாயம்மாள் பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது.

"ஒண்ணுமில்லன்னு எழுதிட்டானே தங்கச்சி."

"எழுதட்டும்க்கா. அம்புட்டும் இதுலதான் இருக்கு. நாளைக்கு சுகன்யாவக் கூட்டிக்கிட்டு, சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை அறிவுச்செல்வி அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அன்புக்கரசியின் கடைக் கணினியில் பெட்டியை ஏற்றினாள். லிங்குகளை உள்ளே விட்டாள். 'பொண்ணு ஆஸ்டல்' என்று தட்டினாள். வந்தது.

செய்தி பரவியிருந்தது. ஜன்னலில் நிற்க வேண்டியவர்கள் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றார்கள். அன்புக்கரசி ஒரு பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டாள்.

கடைசி நாள். தளம் ஊர்ந்தது. சுகன்யா பேர், அப்பா பேர், மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அறிவுச்செல்வி தட்டினாள். சான்றிதழ்களை ஏற்றும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு மணி தாண்டியது. அப்போது சாலையைக் கடந்து ஸ்டீபன்ராஜ் வந்தார். பின்னால் ஜோஸ்பின். கையில் ஓர் ஆணை.

"நிறுத்துங்கம்மா. தணிக்கையில ஆட்சேபணை வந்திருச்சு. ஏலத்தொகை வந்திருக்கு, சரக்கு வெளிய போகல. கணக்கு ஒதைக்குது. ஏலத்தை ரத்து பண்ணி ஆணை போட்டிருக்கு. அந்தப் பென்டிரைவைக் குடுங்க."

அறிவுச்செல்வி கையை எடுக்கவில்லை. "ஆணைய வாசிங்க சார்."

"வாசிக்கணுமா?"

"வாசிக்காம எப்படி சார் நடைமுறைக்கு வரும்?"

ஸ்டீபன்ராஜின் முகம் மாறியது. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் ஓர் ஆணையை வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமினார். கடை வாசலில் நின்றவர்களையும் ஒரு முறை பார்த்தார். வாசித்தார்.

"பொருள். மென்பொருள் மதிப்பீடு, கழிவு செய்யப்பட்ட லிங்குகள், பொது ஏலம், தணிக்கை ஆட்சேபணை, தொடர்பாக. பார்வை ஒன்று. இவ்வலுவலகச் சுற்றறிக்கை, நாள்..."

வட்டம் நின்றது. முதல் சான்றிதழ் ஏறியது.

"பார்வை இரண்டு. தகவல் மையத்தின் பதில் கடிதம். பார்வை மூன்று..."

"சார்," என்றாள் அன்புக்கரசி. அவள் அதற்குள் புரிந்துகொண்டிருந்தாள். "பார்வைய விட்டுட்டு ஆணைய மட்டும் படிச்சா போதாதா?"

"பார்வை இல்லாத ஆணை செல்லாதும்மா." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எதைப் பாத்து ஆணை போட்டோம்கிறதுதான் முக்கியம். என்ன ஆணை போட்டோம்கிறது அதுக்கப்புறம்."

"சார், மூணாவது பார்வை இங்க சரியாக் கேக்கல," என்றாள் அறிவுச்செல்வி, திரையைப் பார்த்தபடி. "இன்னொரு தடவை."

அவர் இன்னொரு தடவை வாசித்தார். இம்முறை நிறுத்தி, நயமாக. ஜோஸ்பின் உதடுகளும் கூடவே அசைந்தன. பார்வை ஏழில் ஈரப்பதம் வந்தது. பார்வை ஒன்பதில் இரட்டைப் பூட்டு வந்தது. இரண்டாவது சான்றிதழ் ஏறியது. மாயம்மாளின் போனுக்குத் தளத்திலிருந்து சரிபார்ப்பு எண் வந்தது. அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் எண் தெரியவில்லை. சுகன்யா வாங்கி வாசித்தாள். ஓர் எண்ணைத் தப்பாகச் சொன்னாள். திரும்பச் சொன்னாள்.

"பார்வை பதினொன்றில் காணும் ஆட்சேபணையைக் கவனமுடன் பரிசீலித்து..."

"அழுத்தவா?" என்றாள் அறிவுச்செல்வி.

"அழுத்துக்கா," என்றாள் சுகன்யா.

அழுத்தினாள். வட்டம் சுற்றியது. வாசலில் ஸ்டீபன்ராஜின் குரல் மட்டும் கேட்டது. வட்டம் நின்றது. திரையில் பச்சை எழுத்து வந்தது. அன்புக்கரசியின் பிரிண்டர் ரசீதைத் துப்பியது. மாயம்மாள் அதை எடுத்து, மை காயும் முன்பே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"...ஆகவே மேற்படி ஏலம் ரத்து செய்யப்படுகிறது." ஸ்டீபன்ராஜ் தாளை மடித்தார். வியர்த்திருந்தது. "இப்ப பென்டிரைவைக் குடுங்க."

அறிவுச்செல்வி எழுந்து நின்றாள். மாயம்மாளிடம் வாசல் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"வெளியேறிய சரக்கு இல்லைன்னு எழுதி முத்திரை வச்சது நீங்க. வெளிய போகாத சரக்க எப்படி சார் திரும்ப வாங்குவீங்க?"

ஸ்டீபன்ராஜ் சீட்டைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். அது நல்ல கையெழுத்து. எதிர்ப்பக்கம் எடை மேடை தெரிந்தது. அவர் ஜோஸ்பினைப் பார்த்தார். ஜோஸ்பின் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஒங்க ஒப்பந்தம் செப்டம்பரோட முடியுது, ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

"ஞாபகம் இருக்கு சார். முடியட்டும். இந்தக் கடையில பெஞ்சு இருக்கு."

"இதை நான் சும்மா விட மாட்டேன். கோப்பு போடுவேன்."

"போடுங்க சார்."

அவர் நகரவில்லை. ஆணையை வாசித்த பிறகு என்ன செய்வது என்று விதிகளில் இருந்ததா என்று யோசிப்பவர்போல நின்றார். பின்னால் வரிசை பெருத்திருந்தது. மாயம்மாள் ரசீதை மடித்து மகளிடம் கொடுத்தாள்.

"வாசிச்சு முடிச்சிட்டீகளா சார்?" என்றாள். "அப்ப செத்த ஒதுங்குங்க. ஆளு நிக்கிது."

அவர் ஒதுங்கினார். அறிவுச்செல்வி உட்கார்ந்து, அடுத்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள்.